சித்திரக் கதையும் சிறார் பருவமும்

யப்பானியர் தம் சித்திரக் கதை நூல்களை ‘மங்கா’ என்பர்; அவ்வகைச் சித்திரங்கள் உயிர்பெற்று அசையும் திரைக்கதைகளை ‘அனிமே’ என்பர். முதற்சொல்லை எம் ஆசிரியர் அறையில் ஒருநாள் யான் உச்சரித்தபோது, முதிய ஆசிரியர் ஒருவர், “மாங்காய் இப்போது என்ன விலை, சேர்?” என வினவினார். அனைவரும் நகைத்தோம். ஆனால் அச்சொல்லின் பொருளை எம் மாணாக்கருள் அறியாதார் இலர். தரம் 7 இல் எந்தச் சிறுவனின் அப்பியாசக் கொப்பியைப் பின்புறமாகத் திருப்பினும், முள்முள்ளாக நிற்கும் தலைமயிரும் நெற்றிப் பட்டியும் உடைய ஓர் உருவம் பேனையினால் வரையப்பட்டிருக்கும். அவன் பெயர் நரூட்டோ. மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை, வள்ளுவரை அறியாத சிறுவர் சிலரை யான் கண்டதுண்டு. நரூட்டோவை அறியாத ஒருவனைக் கண்டிலேன்.

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று தந்தையராயும் பாட்டன்மாராயும் இருக்கின்றனர். வழியிற் காணும்போது அவருட் சிலர் என்னை நிறுத்தி, “மகன் எந்நேரமும் இந்தக் காட்டூனோடுதான் இருக்கிறான். விடலாமா, விடக்கூடாதா?” எனக் கேட்பதுண்டு. கதையைப் பற்றிய வினா தமிழாசிரியனிடம் வாராது வேறு எவரிடம் செல்லும்? விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என மலராசிரியர் பணித்தபோது, சங்க இலக்கியத்தை விடுத்து இதனையே எழுதத் துணிந்தமைக்கு அவ்வினாவே காரணம்.

கேட்போர் இருவகையினர். படம் என்றாற் பிள்ளைகளுக்கு உரியதுதானே எனக் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டு அப்பாற் செல்வோர் ஒருவகை. அனைத்தும் கேடு எனப் பறித்து வைப்போர் மற்றொரு வகை. இருசாராரும் ஒன்றில் ஒத்திருக்கின்றனர்: பிள்ளை பார்த்தது யாது என்பதை இருவரும் பார்த்திலர்.

பருவம் அறிந்து ஊட்டுதல் தமிழர்க்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர், செங்கீரை ஆடும் பருவம் வேறு, சப்பாணி கொட்டும் பருவம் வேறு, அம்புலியை அழைக்கும் பருவம் வேறு எனக் குழந்தைமையையே பத்தாக வகுத்தனர். முஸ்லிம் புலவரும் அம்மரபைத் தழுவி நபிகள் நாயகத்தின் மீது பிள்ளைத்தமிழ் பாடினர். பாட்டியல் நூல்கள் 5 முதல் 7 வயது வரையுள்ள பெண்ணைப் பேதை எனவும், 8 முதல் 11 வரை பெதும்பை எனவும், 12, 13 வயதினளை மங்கை எனவும் பிரிக்கும். திண்ணைப் பள்ளியில் ஆத்திசூடி முடிந்த பின்னரே கொன்றைவேந்தன். அதன் பின்னரே மூதுரை. ஆறுமுக நாவலர் தம் பாலபாடங்களைப் படிமுறையாகவே எழுதினார். எட்டு வயதுப் பிள்ளையின் கையிற் கலிங்கத்துப்பரணியைக் கொடுத்த ஆசிரியர் எவரும் இலர். அந்நூல் தீயது என்பதனாலன்று. அதன் கடைதிறப்பும், பேய்கள் கூழடும் காட்சியும் பின்னொரு பருவத்துக்கு உரியன என்பதனால்.

யப்பானியரும் வாசகரின் பருவம் நோக்கியே தம் இதழ்களை வகுத்தனர். குழந்தைகளுக்கு உரியவை, ‘ஷோனென்’ எனப்படும் சிறுவர்க்கு உரியவை, ‘ஷோஜோ’ எனப்படும் சிறுமியர்க்கு உரியவை, ‘செய்னென்’ எனப்படும் வாலிபர்க்கு உரியவை என்பன அப்பிரிவுகளுட் சில. 1977 இல் தோன்றிய ‘கொரோகொரோ’ முதலாவதற்கும், 1968 இல் தோன்றிய ‘ஷோனென் ஜம்ப்’ இரண்டாவதற்கும் எடுத்துக்காட்டாம். சிறுவர் இதழ்களிற் கடினமான சீனவடிவ எழுத்துக்களின் பக்கத்தே அவற்றின் ஒலியைச் சிற்றெழுத்தில் அச்சிடுவர். வாலிபர் இதழ்களிற் பெரும்பாலும் அத்துணை இராது. ஆகவே யப்பானியத் தாய் ஒருத்தி பக்கத்தைப் பார்த்த அளவிலேயே அது யாருக்கு எழுதப்பட்டது என ஓரளவு உணர்வாள். மொழிபெயர்ப்பில் அவ்வடையாளம் அழிந்துபோகின்றது. நமக்குக் கிட்டுவனவோ மொழிபெயர்ப்பும் மாற்றுக்குரலுமே.

அவ்வடையாளத்தையும் முழுதாக நம்புதற்கில்லை. ‘ஷின்சான்’ என்னும் ஐந்து வயதுச் சிறுவனின் குறும்புகளைத் தமிழ்க் குரலிற் கேட்டுச் சிரிக்காத பிள்ளைகள் இக்கரையிற் குறைவு. யொஷித்தோ உசுயி அக்கதையை 1990 இல் எழுதத் தொடங்கியது வளர்ந்தோர் வாசிக்கும் வார இதழ் ஒன்றில். பெற்றோரை எள்ளும் அந்நகை, உண்மையில் பெற்றோர் தம்மைத் தாமே நோக்கிச் சிரிப்பதற்காக எழுதப்பட்டது. அதைப் பிள்ளை பார்க்கும்போது எள்ளல் மட்டும் எஞ்சுகின்றது. 2008 இல் இந்திய அரசு அதன் ஒளிபரப்பைத் தடுத்தது. மறு ஆண்டு பல பகுதிகள் வெட்டப்பட்டு மீண்டும் வந்தது. இதற்கு நேர்மாறானது ‘யொத்சுபா’. 2003 முதல் வரும் இக்கதையும் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றியதே. இதுவும் இளைஞர் மிகுதியாக வாசிக்கும் இதழில் வந்ததே. ஆயினும் புதுவீடு புகுதல், மழையில் நனைதல், சிள்வண்டு பிடித்தல் என்பனவே அதன் நிகழ்ச்சிகள். ஒன்றிரண்டு பக்கங்கள் நீங்கலாக, ஏழெட்டு வயதுப் பிள்ளையுடன் சேர்ந்து வாசிக்க அதனினும் இனிய சித்திரக் கதையை யான் அறியேன்.

இனி, அட்டையில் அச்சிடும் வயதெண். அமெரிக்காவில் மங்கா நூல்களை வெளியிடும் விஸ் நிறுவனம், எல்லார்க்கும் உரியது, 13 வயதுக்கு மேல், 16 க்கு மேல், 18 க்கு மேல் என நான்கு குறிகளை இடுகின்றது. இந்தியாவில் 2023 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் திரைப்படங்களுக்கு 7, 13, 16 என்னும் படிகளைப் புகுத்தியது. இவை பயனற்றவை என்பேனல்லேன். கடைவாயிலில் நிற்கும் தந்தைக்கு ஓர் எண் கிடைப்பதும் உதவியே. ஆனால் 2020 இல் வெளிவந்த ‘டீமன் சிலேயர்’ திரைப்படத்தை நோக்குக. யப்பானில் அதற்கிட்ட குறி, 12 வயதுக்குக் குறைந்தோர்க்குப் பெற்றோர் வழிகாட்டல் வேண்டும் என்பது. அமெரிக்காவிலோ 17 வயதுக்குக் குறைந்தோர் பெரியவர் துணையின்றி அதற்குட் செல்லல் ஆகாது. ஒரே படம், ஒரே வாள், ஒரே குருதி. கடல் கடந்தவுடன் ஐந்து வயது வேறுபாடு. அதன் தொடர்ச்சியான படம் 2025 இல் தமிழ்க் குரலுடன் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. அப்படத்தின் துண்டுகள் எம்மூர்ச் சிறுவரின் கைத்தொலைபேசிகளை அடைவதற்கு எவருடைய எண்ணும் தடையாக இருந்திலது.

எண்ணினாற் பெறப்படாத ஒன்றை ஒரு கொப்பி எனக்கு உணர்த்தியது. ‘டெத் நோட்’ என்றொரு கதை, 2003 முதல் 2006 வரை அந்த ஷோனென் ஜம்ப் இதழிலேயே வந்தது. கூர்த்த அறிவுடைய மாணவன் ஒருவனுக்கு ஒரு குறிப்பேடு கிடைக்கின்றது. அதில் எவர் பெயரை எழுதுகிறானோ அவர் இறப்பர். கொடியோரை ஒழிக்கப் புகுந்தவன் தானே கொடியோனாவதுதான் கதை. ஆங்கிலப் பதிப்பில் அதற்கு 16 வயதுக் குறி. எம் பாடசாலையிற் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் கறுப்பு உறையிட்ட கொப்பி ஒன்றிற் பெயர்கள் எழுதி வைத்திருந்தான். முதற்பெயர் கணித ஆசிரியருடையது, இரண்டாவது என்னுடையது. கணித ஆசிரியர் வெகுண்டார். யான் அவனை அழைத்துக் கதையைக் கூறுமாறு கேட்டேன். அரைமணி நேரம் பிழையின்றிக் கூறினான். தேர்வில் அங்ஙனம் ஒருபோதும் எழுதியதில்லை. முடிவில், “அந்த மாணவன் நல்லவனா?” என்றேன். “கெட்டிக்காரன், சேர்” என்றான். வினாவுக்கு விடை அதுவன்று. ஆயினும் அவன் வயதுக்கு அதுவே விடை. கதை ஆசிரியர் வைத்த முரண் அவனை எட்டவில்லை. பெயர் எழுதும் இன்பம் மட்டுமே எட்டியது. பதினாறு வயதினன் ஒருவனிடம் அதே வினாவை விடுத்தால் வகுப்பு முழுதும் வழக்காடும். ஒரு பிள்ளையால் எதனைத் தாங்க முடியும் என்றே நாம் பெரும்பாலும் கேட்கின்றோம். எதனை விளங்கிக்கொள்ள முடியும் எனக் கேட்பதே அதனினும் பயனுடைய வினா என அன்று எனக்குத் தோன்றியது.

அட்டைப் படத்தைக் கண்டு முடிவு செய்வோரும் உளர். ‘பிராமிஸ்ட் நெவர்லேண்ட்’ என்னும் கதையின் தொடக்கம் ஓர் அனாதை இல்லத்தின் மகிழ்ச்சி. வெள்ளாடை அணிந்த பிள்ளைகள், அன்புள்ள தாய். முதல் அத்தியாயம் முடியுமுன்பே அப்பிள்ளைகள் அரக்கர்க்கு இரையாக வளர்க்கப்படுவது வெளியாகின்றது. எனவே நூலாயின் நடுப்பகுதியையும், தொடராயின் மூன்று நான்கு பகுதிகளையும் முன்னரே பார்த்தல் என் வழக்கம். ‘யூரியூப்’ தானாகவே அடுத்ததை ஓட்டும் இயல்பினது. பிள்ளை தெரிந்தெடுத்தது ஒன்று, பார்த்து முடிப்பது பிறிதொன்று. ஆதலால் எம் வீட்டிற் கைத்தொலைபேசியில் அன்றிக் கூடத்துத் தொலைக்காட்சியிலேயே இவற்றைப் பார்க்கலாம் என்பது ஒழுங்கு.

அச்சந் தரும் யாவும் விலக்கத்தக்கன என்பாரோடு யான் உடன்படேன். 1947 இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’வை நம்முள் எத்துணைப் பேர் வாசித்தோம்! முருங்கை மரத்திலிருந்து பிணத்தை இறக்கித் தோளிற் சுமந்து செல்லும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்த கோலம் இன்றும் கண்ணில் நிற்கின்றது. நாம் அஞ்சினோம், ஆனால் அரசன் அஞ்சவில்லை என்பதையும் கண்டோம். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் அச்சத்தையும் வைத்தார். அதன் அயலிற் பெருமிதத்தையும் வைத்தார். அச்சம் பெருமிதத்துக்கோ அழுகைக்கோ வழிவிடும் கதை ஒன்று. அறுபட்ட தலையே வேடிக்கையாக உருளும் கதை மற்றொன்று. பின்னதனை எவ்வயதிலும் யான் பரிந்துரையேன்.

இவ்வகையில் யப்பானியரே பெரிதும் வழக்காடியது ‘வெறுங்கால் கென்’ எனப் பொருள்படும் நூல் பற்றியாகும். அதனை எழுதிய கெய்ஜி நாகஸாவா, 1945 ஓகஸ்ட் 6 இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்தபோது ஆறு வயதினர். தந்தையையும் தமக்கையையும் தம்பியையும் அன்று இழந்தார். 1973 இல் அவ்வரலாற்றைச் சிறுவர் இதழிலேயே சித்திரக் கதையாக வரையத் தொடங்கினார். உருகி வழியும் தோலுடன் மக்கள் நடக்கும் காட்சிகள் அதில் உள. 2012 இல் மட்சுவே நகரக் கல்விச்சபை, மாணவர் தாமே எடுத்து வாசியாவாறு அதனை உள்ளறையில் வைக்கும்படி பாடசாலை நூல்நிலையங்களைப் பணித்தது; எதிர்ப்பு மிகவே, 2013 ஓகஸ்டில் அப்பணிப்பை மீளப்பெற்றது. ஆறு வயதிற் பட்டதை ஆறு வயதினர்க்கே காட்டவேண்டும் என்பதில்லை. ஆனால் பதினான்கு வயதில், வரலாற்றுப் பாடத்தில் ஹிரோஷிமா வரும் தவணையில், ஆசிரியர் ஒருவர் அருகிருக்க அதனைத் திறத்தல் நன்று. பூட்டி வைத்தலை என் உள்ளம் ஒப்பவில்லை.

பெண்ணுருவை ஆடவர் கண்ணுக்கு விருந்தாக வரைதல் பற்றிச் சுருங்கக் கூறுவேன். நரூட்டோ கதையின் தொடக்கத்திலேயே, சிறுவன் தன் ஆசிரியரை ஏய்ப்பதற்கு ஆடையற்ற பெண்ணுருக் கொள்ளும் விகடம் ஒன்று உண்டு. அதே தொடக்கத்தில், ஊரார் வெறுத்த அவ்வனாதையைக் காக்க அந்த ஆசிரியர் தம் முதுகில் ஆயுதத்தை ஏற்கும் இடமும் உண்டு. பின்னதனைக் கண்டு என் கண் கலங்கியது. முன்னதனைக் கண்டு சலித்தேன். பத்து வயதில் வேண்டா, பதின்மூன்றில் ஆகட்டும் என என் மகனுக்குக் கூறியுள்ளேன். வகுப்பிலுள்ளோர் அனைவரும் பார்த்துவிட்டனர் என அவன் முறையிடுகின்றான். உண்மையாக இருக்கலாம். ஒரு சிறு விகடம் இவ்வாறிருக்க, அதையே தொழிலாகக் கொண்ட தொடர்கள் பல சிறுவர்க்குரியன என்னும் பெயருடன் உலவுகின்றன. அவற்றுக்கு எம் வீட்டில் இடமில்லை.

எம்மூர்த் தந்தையர்க்கு வேறோர் ஐயமும் உண்டு. மியசாகி 2001 இல் ஆக்கிய ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்திற் பலவாகிய தெய்வங்கள் நீராட வருகின்றன; பேராசையுடன் உண்ட பெற்றோர் பன்றிகளாகின்றனர். “இதை நம் பிள்ளைகள் பார்க்கலாமா?” என நண்பர் ஒருவர் கேட்டார். இந்துக் கல்லூரியிற் பயின்ற முஸ்லிம் மாணவன் யான். திருநீறு துலங்கும் நெற்றியுடன் என் ஆசான் கம்பனின் குகப்படலத்தைப் பாடிக் காட்டினார். அதே குரலில், அதே உருக்கத்துடன் சீறாப்புராணத்தையும் பாடிக் காட்டினார். பகல் இடைவேளையில் யான் தொழுகைக்குச் செல்வேன். அவர் எனக்காகப் பாடத்தைச் சற்றுத் தாமதித்துத் தொடங்குவார். கதையிற் கண்ட தெய்வம் என்னை யாதும் செய்ததில்லை. அப்படத்திற் பத்து வயதுச் சிறுமி சிஹிரோவின் பெயரைச் சூனியக்காரி பறித்துக்கொள்கின்றாள். பெயரை மறப்பின் வீடு திரும்பும் வழியும் மறைந்துவிடும். அவள் அஞ்சி, உழைத்து, பெயரை மறவாதிருந்து மீள்கின்றாள். பத்து வயதுக்கு அது பொருந்தும். அதனிற் சிறியோர் பெற்றோர் உருமாறும் இடத்திற் கலங்குவர்.

நண்பருக்கு யான் கூறிய மற்றொரு செய்தி அவரை மகிழ்வித்தது. மங்கா நூல்கள் வலமிருந்து இடமாக வாசிக்கப்படுவன. ஆங்கிலம் மட்டும் கற்றோர் முதலில் இடர்ப்படுவர். எம்மூர்ப் பிள்ளைகளோ குர்ஆன் மத்ரசாவிற் பழகிய கண்களை உடையவர். அவர்தம் மூதாதையர் அரபுத்தமிழை வலமிருந்தே வாசித்தனர். நூலொன்றைக் கொடுத்தபோது என் மகன் வினாவின்றிப் பின்னட்டையிலிருந்து தொடங்கினான்.

இறுதியாகக் கூறவேண்டியது கடல் பற்றியது. 1988 ஏப்ரல் 16 இல் ஜிப்லி நிறுவனத்தின் இரு படங்கள் ஒரே சீட்டில், ஒன்றன்பின் ஒன்றாக யப்பானியத் திரையரங்குகளில் ஓடின. ஒன்று ‘டொட்டோரோ’, மற்றொன்று ‘மின்மினிகளின் கல்லறை’. இரண்டிலும் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி உண்டு. ஒருத்தி காட்டுத் தேவதையின் வயிற்றின் மீது உறங்குகின்றாள். மற்றவள் 1945 இன் போர்க்காலத்திற் பசியால் இறக்கின்றாள். ஒரே மாலையில் இரண்டையும் பார்த்த யப்பானியக் குழந்தைகள் எங்ஙனம் வீடு திரும்பினரோ! முன்னதனை என் மகன் ஐந்து வயதிற் பார்த்தான். பின்னதற்கு இன்னும் காலம் உண்டு.

அதே நிறுவனம் 2008 இல் வெளியிட்ட ‘பொன்யோ’ எல்லா வயதினர்க்கும் உரியது எனக் குறியிடப்பட்டது. மீன்மகள் ஒருத்தி ஐந்து வயதுச் சிறுவனைத் தேடி, மலையென எழும் அலைகளின் மீது ஓடி வருகின்றாள். அவன் தாய் மோட்டார் வண்டியை விரைந்து செலுத்த, கடல் வீதியைத் துரத்துகின்றது. மறுநாள் ஊர் நீருள் ஆழ்ந்து கிடக்கின்றது; எவரும் இறந்திலர். எந்தத் தணிக்கையாளரும் அதற்கு வேறு குறி இடார். ஆனால் 2004 டிசம்பர் 26 இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 இற்கு மேற்பட்டோரைக் கடல் கொண்டது. மருதமுனையும் சாய்ந்தமருதும் காரைதீவும் அவ்வெண்ணுள் அடங்கும் ஊர்கள். என் மனைவியின் தமக்கையார் அன்று ஐந்து வயது மகளை இழந்தவர். அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதை என் மகன் அறிவான். எவ்வாறு போனாள் என்பதை வீட்டில் எவரும் அவனுக்குச் சொன்னதில்லை.

அவன் ஒன்பது வயதில் அப்படத்தைப் பார்க்க அமர்ந்த மாலை, அவரும் வந்திருந்தார். “மதினி, இதிற் கடல் ஊருக்குள் வரும்” என முன்கூட்டியே கூறினேன். சற்று நேரம் என்னை நோக்கினார். “வரட்டும் தம்பி, பார்ப்போம்” என்று பாயில் அமர்ந்தார். அலைகள் வண்டியைத் துரத்தும் இடத்தில் மகன் கைகொட்டிச் சிரித்தான். அவர் முந்தானையைப் பற்றியவாறு அசையாதிருந்தார். ஊர் மக்கள் படகுகளில் மகிழ்வுடன் வரும் இடத்தில் அவன் திரும்பி, “பெரியம்மா, நம் கடல் வந்த நேரமும் இப்படித்தான் எல்லாரும் தோணியில் வந்தார்களா?” என்றான். என் மனைவி எழுந்தாள். தமக்கையார் அவளைக் கையாற் சைகை காட்டி இருத்தினார். “இல்லை மகன், வரவில்லை” என்று தொடங்கினார். காலையில் மகள் உடுத்திருந்த சட்டையின் நிறம், பிடித்திருந்த கை, அக்கை நழுவிய இடம் என யாவற்றையும் தாழ்ந்த குரலிற் கூறினார். எனக்கே அவற்றுட் சில புதியன. படம் தன்பாட்டில் ஓடி முடிந்தது. “இப்போது இருந்தால் என்னை விடப் பெரியவளா?” என்று மட்டும் மகன் கேட்டான். “உன்னைத் தூக்கி வளர்த்திருப்பாள்” என்றார்.

அன்றிரவு அவன் அஞ்சவில்லை, நெடுநேரம் உறங்கவுமில்லை. மறுநாள் அவனாகவே பெரியம்மாவின் வீட்டுக்குப் போய் வந்தான்.

2011 மார்ச் 11 இல் யப்பானின் வடகீழ்க் கரையைக் கடல் கொண்டது. அந்நாளில் தாயை இழந்த சிறுமியைப் பற்றி மகொட்டோ ஷின்காய் 2022 இல் ‘சுசுமே’ என்னும் படத்தை ஆக்கினார். அது வெளிவருமுன் படத்தாரே, நிலநடுக்க எச்சரிக்கை ஒலி இதில் வரும் என மக்களுக்கு அறிவித்தனர். வயதெண் எதுவும் கூறாத செய்தி அது; யாருக்கு வேண்டுமோ அவர்க்கு வேண்டியதைக் கூறியது. அப்படத்தை மகனுக்குப் பதின்மூன்று வயதிற் காட்டலாம் என எண்ணியிருந்தேன். அதன் கதையைத் தமக்கையாரிடம் கூறியபோது, “அதை முதலில் நான் பார்க்கிறேன், தம்பி. எப்போது காட்டலாம் என்று பிறகு சொல்கிறேன்” என்றார். இன்னும் சொல்லவில்லை, யானும் கேட்கவில்லை.